கூரை ஆன்டெனா பொருத்திய பிறகு ஸ்கேனரில் சிக்னல் மோசமானது ஏன்?

வான்செவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இரண்டு மாடி வீட்டில் குடியிருக்கிறேன். வானொலித் தொடர்புப் பேச்சுகளைத் தேடிக் கேட்க உதவும், மேசைமேல் வைக்கும் டிஜிட்டல் ஸ்கேனர் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதனுடன் வந்த சிறிய ஆன்டெனாவை மேல்மாடிச் சன்னலருகே வைத்துக் கேட்டபோது, பியர்சன் விமான நிலையத்தில் இறங்க வரும் விமானிகளின் குரல் தெளிவாகவே கிடைத்தது. இன்னும் தொலைவிலிருந்து வருவதையும் கேட்க வேண்டும் என்ற ஆசையில், 25 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஏற்கும் டிஸ்கோன் என்ற வகை ஆன்டெனா ஒன்றை வாங்கி, கூரை முகட்டோரம் தரையிலிருந்து ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்தில் பொருத்தினேன். அங்கிருந்து 30 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள் நிலவறைக்கு இறங்குகிறது. ஸ்கேனரையும் நிலவறைக்கே மாற்றிவிட்டேன்.

இப்போதைய நிலை இதுதான். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள விமான அலைவரிசைகளில் முன்பு தெளிவாகக் கேட்டவை மங்கிவிட்டன. சில இடங்களில் உடைந்த பாட்டும் விளம்பரமும் பின்னணியில் கேட்கின்றன. ஆனால் 160 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய மற்றப் பேச்சுகள் முன்பைவிட நன்றாகவே கேட்கின்றன. பொதுப் பாதுகாப்புத் துறையினர் பேசும் 700 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் அலைவரிசைகளில் சிக்னல் அளவுகோல் நிறைந்து நிற்கிறது, ஆனாலும் பேச்சு துண்டுதுண்டாக வருகிறது. இவற்றோடு, மழை பெய்த மறுநாள் எல்லா அலைவரிசைகளும் ஒருசேர இன்னும் மோசமாகின்றன.

ஆன்டெனாவில் குறையா, கேபிளில் குறையா, ஸ்கேனரே பழுதாகிவிட்டதா என்று பிரித்தறிய முடியவில்லை. ஒரு சிக்னல் பூஸ்டரை இடையில் சேர்த்தால் சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


கடலோரன் எழுதியது:

வான்செவி அண்ணா, 30 மீட்டர் ஆர்ஜி-58 என்பது மிக நீளம். அந்தக் கேபிளிலேயே சிக்னலின் பெரும்பகுதி கரைந்துபோகும். அந்த இழப்பை ஈடுகட்ட நல்ல அகலப்பட்டை பூஸ்டர் ஒன்றை ஸ்கேனருக்குப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கேபிளை மாற்றுவதைவிட அது எளிது. நிலவறையிலேயே வேலை முடிந்துவிடும்; கூரை ஏற வேண்டியதில்லை.


செப்புக்கம்பி எழுதியது:

கடலோரன் சொன்னதில் கேபிள் பற்றிய பகுதி சரி. பூஸ்டர் பற்றிய பகுதியை நான் ஏற்கவில்லை. இந்த வீட்டில் அது நிலைமையைக் கெடுக்கும் என்றே நினைக்கிறேன். வான்செவி எழுதிய அறிகுறிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காமல் தனித்தனியாகப் பார்த்தால், இங்கே இருப்பது ஒரு பழுது அன்று, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பழுதுகள் என்பது தெரியும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றை மோசமாக்கக்கூடும் என்பதால்தான் எதையும் வாங்குவதற்கு முன் சோதிப்பது முக்கியம்.

விமான அலைவரிசையில் பாட்டுக் கேட்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்காபரோவிலிருந்து 553 மீட்டர் உயரமுள்ள சிஎன் கோபுரம் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அதன் உச்சியிலிருந்தும் நகர மையத்தின் உயர்ந்த கட்டடங்களிலிருந்தும் எஃப்எம் நிலையங்கள் பல்லாயிரம் வாட் வலுவில் ஒலிபரப்புகின்றன. நீங்கள் கேட்க விரும்பும் விமானத்தின் கருவியோ அதிகம் போனால் 25 வாட் அளவில்தான் பேசும். எஃப்எம் பட்டை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, விமானப் பேச்சு 118 இல் தொடங்குகிறது. இடைவெளி வெறும் 10 மெகாஹெர்ட்ஸ். சன்னலருகே இருந்த சிறிய ஆன்டெனா வீட்டுச் சுவர்களுக்குள் இருந்ததால் எஃப்எம் சிக்னலை அளவோடுதான் வாங்கியது. கூரைமேல் தடையின்றி நிற்கும் டிஸ்கோன், எந்தப் பட்டையையும் வடிகட்டாமல் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து ஸ்கேனரின் முதல் படியில் கொட்டுகிறது. அந்த முதல் படிப் பெருக்கி தாங்கக்கூடிய அளவைக் கடந்தவுடன் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. பலவீனமான சிக்னல்களைப் பெருக்கும் திறனை அது இழக்கிறது. மேலும், வலுவான நிலையங்களை ஒன்றோடொன்று கலந்து, வானில் இல்லாத புதிய அதிர்வெண்களைத் தானே உண்டாக்குகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ரொறன்ரோவில் 88.1 இலும் 107.1 இலும் எஃப்எம் நிலையங்கள் இருக்கின்றன. 107.1 ஐ இரட்டித்து 88.1 ஐக் கழித்தால் 126.1 வருகிறது. அது விமான அலைவரிசைகளின் நடுவே விழுகிறது. விமானப் பேச்சு ஏஎம் முறையில் இருப்பதால், இப்படி உண்டாகும் எஃப்எம் பேய்ச் சிக்னல் உங்களுக்கு உடைந்த பாட்டாகவும் இரைச்சலாகவும் கேட்கும். முதல் இடைநிலை அதிர்வெண் (வந்த சிக்னலைக் கருவி உள்ளே முதலில் மாற்றும் அதிர்வெண்) 10.7 மெகாஹெர்ட்ஸாக உள்ள பழைய கருவிகளில் இன்னொரு வழியிலும் இது நடக்கும். அவற்றில் பிம்ப அதிர்வெண் (கேட்க விரும்பியதோடு தவறாகச் சேர்ந்து புகும் அதிர்வெண்) 21.4 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் என்பதால், 99.1 இல் உள்ள நிலையம் 120.5 இல் வந்து நிற்கும்.

இதைச் சோதிக்க ஒரு காசும் செலவில்லை. உங்கள் ஸ்கேனரில் உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் ஏடிடி என்ற அட்டெனுவேட்டர் பொத்தான் இருக்கும். பாட்டுக் கேட்கும் அலைவரிசையில் நிறுத்தி அதை அழுத்துங்கள். உண்மையான சிக்னலை 10 டெசிபெல் (அதாவது சக்தியில் பத்தில் ஒரு பங்காக) குறைத்தால் அது 10 டெசிபெல் மட்டுமே குறையும். கலப்பினால் பிறந்த மேற்சொன்ன வகைப் பொய்ச் சிக்னலோ 30 டெசிபெல் (ஆயிரத்தில் ஒரு பங்காக) குறையும். ஆகவே பொத்தானை அழுத்தியவுடன் பாட்டு சட்டென்று மறைந்து விமானியின் குரல் மேலெழுந்தால், உங்களுக்குச் சிக்னல் போதாமல் இல்லை, அளவுக்கு மீறி இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அப்போது 88 முதல் 108 வரை அடைக்கும் எஃப்எம் தடுப்பு வடிகட்டி ஒன்றை ஸ்கேனரின் உள்ளீட்டில் பொருத்தினால் போதும். பூஸ்டர் போட்டிருந்தால் இந்த எஃப்எம் வெள்ளத்தையும் சேர்த்தே பெருக்கியிருப்பீர்கள்.

பூஸ்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அது தேவைப்படும் இடங்கள் உண்டு, ஆனால் அதன் இடம் கம்பத்தின் உச்சி. கேபிளில் 10 டெசிபெல் இழந்த பிறகு நிலவறையில் பெருக்கினால், மங்கிப்போன சிக்னலும் அதனுடன் சேர்ந்த இரைச்சலும் ஒரே விகிதத்தில் பெருகும். கரைந்துபோன தெளிவு திரும்பி வராது. ஆன்டெனாவின் அடியிலேயே, கேபிளுக்கு முன்பாகப் பெருக்கினால்தான் கேபிள் இழப்பு ஈடாகும். எஃப்எம் வடிகட்டியும் அப்போது பெருக்கிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

விமானியின் குரல் கேட்டு, தரையிலிருந்து பேசும் கட்டுப்பாட்டாளரின் குரல் மங்கலாக இருந்தால் அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். 9 மீட்டர் உயரத்து ஆன்டெனாவுக்கு வானொலி அடிவானம் (தரை வளைவு மறைக்காமல் சிக்னல் எட்டும் தூரம்) ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கோ அது 220 கிலோமீட்டருக்கும் மேல். பியர்சன் உங்களுக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, நடுவே ஒரு முழு நகரமும் நிற்கிறது.

700 மெகாஹெர்ட்ஸ் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதன் காரணம் வேறு.


நிலாமுற்றம் எழுதியது:

செப்புக்கம்பி ஐயா விமானப் பட்டையை விரிவாகச் சொல்லிவிட்டார். மழைக்கு மறுநாள் மோசமாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை நிறுத்தியது. வடிகட்டியால் தீராத பழுது அது. கேபிளுக்குள் தண்ணீர் போகிறது.

பெரும்பாலும் ஆன்டெனாவின் அடியிலுள்ள கனெக்டர் வழியாகத்தான் நீர் நுழையும். அந்தக் கனெக்டரைக் கழற்றி, கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பின்னல் கம்பியைப் பாருங்கள். நல்ல நிலையில் அது பளபளப்பான செம்பு நிறத்திலோ வெள்ளீயப் பூச்சின் வெண்மையிலோ இருக்கும். நீர் போயிருந்தால் பச்சை படர்ந்தோ கறுத்தோ காணப்படும், விரலால் தேய்த்தால் பொடி உதிரும். மேலுறையை ஒரு சாண் நீளத்துக்குக் கீறிப் பார்த்து, கறுப்பு எதுவரை போகிறது என்று கவனியுங்கள். பின்னலின் மெல்லிய இழைகளுக்கிடையே நீர் தானாகவே ஊர்ந்து பல மீட்டர் தூரம் இறங்கக்கூடியது. அப்படிப் போயிருந்தால் அந்தக் கேபிளை உலர்த்திப் பயன்படுத்த நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். உலர்ந்த பிறகும் அரித்துப்போன பின்னல் அரித்ததுதான்.

கேபிளை மாற்றுவதற்கு முன் உறுதிசெய்ய விரும்பினால் மல்டிமீட்டர் உதவும், ஆனால் கேபிளின் இரு முனைகளும் கழன்றிருக்க வேண்டும். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. மழைக்குப் பிறகு அங்கே ஏதேனும் கிலோ ஓம் கணக்கில் காட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது. அடுத்து ஒரு முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் சேர்த்துப் பிடித்து மறுமுனையில் அளந்தால், 30 மீட்டர் ஆர்ஜி-58 இல் ஒன்றிரண்டு ஓம்தான் வர வேண்டும். அதற்கு மிக அதிகமாக வந்தால் எங்கோ கம்பி அரிபட்டிருக்கிறது அல்லது கனெக்டர் சரியாக இறுக்கப்படவில்லை. மீட்டர் எல்லாம் சரி என்று காட்டினாலும் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மீட்டரின் மின்கலத்துக்குத் தெரியாத இழப்பு உயர் அதிர்வெண்ணுக்குத் தெரியும்.

எப்படியும் கேபிளை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், தரமானதாகவே மாற்றுங்கள். 30 மீட்டர் ஆர்ஜி-58, 150 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபெல் இழக்கிறது. அதாவது ஆன்டெனாவுக்குக் கிடைத்த சக்தியில் நான்கில் ஒரு பங்குதான் ஸ்கேனரை வந்தடைகிறது. 800 மெகாஹெர்ட்ஸுக்கு அருகே அந்த இழப்பு 14 அல்லது 15 டெசிபெல் ஆகிறது, அங்கே மிஞ்சுவது முப்பதில் ஒரு பங்கு. அதே நீளத்துக்கு எல்எம்ஆர்-400 கேபிள் 800 இல் 4 டெசிபெலுக்கும் குறைவாகவே இழக்கும். விலை அதிகம், தடிமனும் அதிகம், வளைப்பது கடினம். அது கட்டுப்படியாகாவிட்டால் தொலைக்காட்சிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 தாராளமாகப் போதும். அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம் ஆயிற்றே என்று பலர் தயங்குகிறார்கள். அந்தப் பொருத்தமின்மையால் திரும்பிப் போவது 4 சதவீதம், 0.2 டெசிபெலுக்கும் குறைவு. நாம் கேட்கிறோம், ஒலிபரப்பவில்லை; ஆகவே அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சரியான அடாப்டர் ஒன்றே ஒன்று இருந்தால் போதும், மூன்று அடாப்டர்களைக் கோத்து மாட்டாதீர்கள்.

புதிய கனெக்டரை மூடும்போது, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து நீட்டியபடி கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போது ஒவ்வொரு சுற்றும் கூரை ஓடு போலக் கீழ்ச் சுற்றின்மேல் படிந்து நீரைக் கீழே வழியவிடும். அதன்மேல் வெயிலைத் தாங்கும் வினைல் டேப் ஒரு சுற்று. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்பு அதைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டு மேலேற்றுங்கள். வழிந்துவரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகும், வீட்டுக்குள் வராது. கனடாக் குளிரில் உள்ளே தங்கிய நீர் உறைந்து விரியும் என்பதால் பனிக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

கம்பத்துக்கும் கேபிளின் பின்னலுக்கும் எர்த் கொடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்காவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். கம்பத்துக்கென்று தனியாக ஓர் எர்த் கம்பியை மண்ணில் அடித்து அப்படியே விட்டுவிடாமல், அதை வீட்டு மின்னிணைப்பின் எர்த்துடன் சேர்க்க வேண்டும். தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு செய்வதே முறை.

இன்னொரு ஐயமும் எனக்கு இருக்கிறது. ஸ்கேனரைச் சன்னலிலிருந்து நிலவறைக்கு மாற்றியதாகச் சொல்கிறீர்கள். அங்கே எல்இடி விளக்கு, இணைய மோடம், மலிவான சார்ஜர் போன்றவை அருகில் இருந்தால் அவை வீசும் இரைச்சலும் விமானப் பட்டையைக் கெடுக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, எதை அணைக்கும்போது இரைச்சல் குறைகிறது என்று கேளுங்கள்.


வான்செவி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஏடிடி பொத்தானை அழுத்தியவுடன் பின்னணிப் பாட்டு முற்றிலும் மறைந்தது. மங்கலாகக் கேட்ட விமானியின் குரல் தெளிவானது. சிக்னலைக் குறைத்தால் தெளிவு கூடும் என்பதைக் கண்முன்னே பார்த்தபோது நம்புவதற்கே கடினமாக இருந்தது. எஃப்எம் தடுப்பு வடிகட்டியை வாங்கிப் பொருத்திவிட்டேன். இப்போது ஏடிடி இல்லாமலேயே விமான அலைவரிசைகள் சன்னலருகே கேட்டதைவிடத் தெளிவாக, இன்னும் தொலைவிலிருந்தும் கிடைக்கின்றன.

கூரையிலுள்ள கனெக்டரைக் கழற்றினேன். நிலாமுற்றம் சொன்னது போலவே பின்னல் கம்பி பச்சை பூத்திருந்தது. மேலுறையைக் கீறிப் பார்த்ததில் கறுப்பு முழங்கை நீளத்தையும் தாண்டிப் போயிருந்தது. ஆர்ஜி-6 கேபிளுக்கு மாற்றி, எர்த் இணைப்பையும் மின்பணியாளரைக் கொண்டு செய்துவிட்டேன். அதன் பிறகு பலத்த மழை பெய்தும் எந்த மாற்றமும் இல்லை. நிலவறையில் ஓர் எல்இடி விளக்கின் மின்வழங்கியும் இரைச்சல் கொடுத்தது, அதையும் மாற்றியாயிற்று.

ஆனால் 700 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் பேச்சு இன்னும் துண்டுதுண்டாகவே இருக்கிறது. புதிய கேபிளில் சிக்னல் அளவு கூடியிருக்கிறது, தெளிவு கூடவில்லை. ஏடிடி போட்டும் வேறுபாடு இல்லை. செப்புக்கம்பி ஐயா, அதைப் பற்றிப் பிறகு எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள்.


செப்புக்கம்பி எழுதியது:

விமானப் பட்டை சரியானது மகிழ்ச்சி. கறுத்த கேபிளைத் துண்டித்து ஒட்டுப்போடாமல் முழுவதையும் மாற்றியதும் நல்ல முடிவு.

700 இல் நீங்கள் கேட்கும் தொகுதி பி25 என்ற டிஜிட்டல் வானொலி வகையில், சைமல்காஸ்ட் முறையில் இயங்குவது. நகரின் பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில், ஒரே பேச்சை, ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்திசைந்து ஒரே கணத்தில் அனுப்புகின்றன. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொரு கோபுரமும் வெவ்வேறு தொலைவில் இருப்பதால் அந்தச் சிக்னல்கள் உங்களை ஒரே கணத்தில் வந்தடைவதில்லை. பி25 முதற்கட்ட முறையில் ஒரு நொடிக்கு 4,800 குறியீடுகள் வருகின்றன, ஆகவே ஒரு குறியீட்டின் நீளம் சுமார் 208 மைக்ரோ நொடி. வானொலி அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3.3 மைக்ரோ நொடி ஆகும். இரண்டு கோபுரங்களுக்கிடையே 15 கிலோமீட்டர் தூர வேறுபாடு இருந்தால் 50 மைக்ரோ நொடித் தாமதம், குறியீட்டின் கால் பங்கு. அந்த இரு சிக்னல்களும் சமவலுவில் வந்தால் ஸ்கேனருக்கு எதை எடுப்பது என்று தெரியாது. அளவுகோல் சக்தியை மட்டுமே காட்டுகிறது, அதனால்தான் அது நிறைந்து நிற்கிறது. ஆன்டெனாவை உயர்த்தியதால் முன்பு கட்டடங்களுக்குப் பின்னே மறைந்திருந்த தொலைக் கோபுரங்களும் இப்போது தெரியத் தொடங்கிவிட்டன. இதற்கு நல்ல கேபிளோ பூஸ்டரோ வடிகட்டியோ மருந்தாகாது.

வழிகள் இரண்டு. ஒன்று, இந்தக் குறைக்காகவே ஐக்யூ முறையில் (சிக்னலின் வலுவையும் கட்டத்தையும் சேர்த்து ஆராயும் முறை) வடிவமைத்து 2018 இல் வந்த யூனிடென் எஸ்டிஎஸ்100, அதற்கு அடுத்த ஆண்டு வந்த மேசை வடிவமான எஸ்டிஎஸ்200 போன்ற கருவிக்கு மாறுவது. விலை அதிகம் என்பதால் இதை முதலில் சொல்ல எனக்கு மனமில்லை. மற்றது, டிஸ்கோனை விமான அலைவரிசைகளுக்கும் மற்றவற்றுக்கும் விட்டுவிட்டு, 700 க்கென்று திசை சார்ந்த சிறிய யாகி ஆன்டெனா ஒன்றைப் பரணுக்குள்ளேயே தாழ்வாக வைப்பது. அதை மிக அருகிலுள்ள கோபுரத்தை நோக்கித் திருப்பினால், மற்றக் கோபுரங்களின் சிக்னல் வலுவிழக்கும். வலு ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபட்டாலே பெரும்பாலான பிழை போய்விடும். திருப்பும்போது சிக்னல் அளவுகோலைப் பார்க்காதீர்கள், பேச்சின் தெளிவையே பாருங்கள். சில இடங்களில் அளவு குறையும் திசையில்தான் பேச்சு முழுமையாகக் கிடைக்கும்.

மறையாக்கம் செய்யப்பட்ட பேச்சை எந்த ஆன்டெனாவாலும் கேட்க முடியாது, அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். கேட்பதைப் பொறுத்தவரை, கேட்ட செய்தியைப் பயன்படுத்துவதையும் பிறருக்குச் சொல்வதையும் கனடாவின் வானொலித் தொடர்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.


வான்செவி எழுதியது:

இப்போது விளங்குகிறது. யாகி வழியையே முதலில் முயல்கிறேன். என்னிடம் பழைய தொலைக்காட்சி யாகி ஒன்று சும்மா கிடக்கிறது. சோதனைக்கு அதை வைத்துப் பார்க்கலாமா?


செப்புக்கம்பி எழுதியது:

தாராளமாக. யுஎச்எஃப் தொலைக்காட்சிக்கானதாக இருந்தால், சோதனைக்குப் போதுமான அளவு வேலை செய்யும். ஆனால் தொலைக்காட்சிக்கு வைப்பது போலக் கம்பிகள் படுக்கையாக இருக்கும்படி மாட்டாதீர்கள். பொதுப் பாதுகாப்புத் தொடர்புகள் செங்குத்து முனைவாக்கத்தில், அதாவது அலை மேலும் கீழுமாக அதிரும்படி வருகின்றன. படுக்கையாக வைத்தால் 20 டெசிபெல் வரைகூட இழக்க நேரும். ஆன்டெனாவைப் பக்கவாட்டில் கால்வட்டம் சுழற்றி, கம்பிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி மாட்டுங்கள். தாங்கும் கம்பம் உலோகமாக இருந்தால் அது அந்தக் கம்பிகளுக்கு இணையாக நடுவே வராதபடி, ஆன்டெனாவின் பின்முனையில் மட்டும் பிடியுங்கள், அல்லது பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்துங்கள்.